மரத்த காலும் மாவுக்கட்டும்

பாடாலூர்ப் பக்கம் சுகர்க்காரர்களிடம் "கால் எப்படியிருக்கு?" என்று கேட்டால் வலியைப் பற்றிப் பேச மாட்டார்கள், செருப்பைப் பற்றித்தான் பேசுவார்கள். "நடந்துக்கிட்டே இருக்கேன், செருப்பு கழண்டதே தெரியல." என் சித்தப்பா ஒருநாள் பொழுதுசாய வெங்காயக் காட்டிலிருந்து வந்தபோது ஒரு காலில் மட்டும்தான் செருப்பு இருந்தது. "ஏங்க, இன்னொண்ணு எங்க?" என்று சித்தி வாசலிலேயே கேட்டார். அவர் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். எல்லோரும்தான் சிரித்தோம். நாலைந்து மாதத்தில் அதே காலின் பெருவிரலுக்கு அடியில் ஆணி தடித்தது. பழைய பிளேடால் தானே சீவிக்கொண்டார். அதற்குள்ளிருந்து நீர் கசிய ஆரம்பித்தது.

நகரத்தில் ஒரு தனியார் கிளினிக்கில் காட்டினோம். சதை வளர்வதற்கென்று ஒரு ஜெல் எழுதிக்கொடுத்தார்கள். விலையைப் பார்த்த சித்தி அந்த டியூபை ஃபிரிட்ஜில் முட்டைக்குப் பக்கத்தில் நகையைப் போல வைத்துக் காத்தார். சித்தப்பா காலையும் மாலையும் தவறாமல் பூசினார். பூசி, துணி சுற்றி, செருப்பை மாட்டிக்கொண்டு, வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டப் போனார். அந்தக் காலை ஊன்றக் கூடாது என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. அவரும் கேட்கவில்லை; வலித்தால்தானே கேட்கத் தோன்றும்?

சர்க்கரைப் புண்ணுக்கு உலகத்தில் வந்துகொண்டிருக்கும் புதிய சிகிச்சைகளைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தபோதெல்லாம் அந்த டியூப்தான் கண்முன் வந்து நின்றது. மருந்து புதியது, மோசமானதும் இல்லை. வரிசையில்தான் தவறான இடத்தில் வந்து உட்கார்ந்திருந்தது.

2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் (INDIAB) ஆய்வு நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்று கணக்கிட்டது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம். நீரிழிவுக்காரர் நூறு பேரில் 19 முதல் 34 பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது காலில் புண் வரும் என்பது உலக அளவிலான மதிப்பீடு. எங்கள் ஊர் மண்ணோடு சேர்த்துப் பார்த்தால் இந்தக் கணக்குக்கு வேறு கனம் வந்துவிடுகிறது. திருச்சிக்கும் பெரம்பலூருக்கும் நடுவே நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர் பாடாலூர். சுற்றிலும் சின்ன வெங்காயம், மக்காச்சோளம், பருத்தி. அறுத்த சோளத்தட்டையின் அடிக்கட்டை ஈட்டி மாதிரி நிற்கும். பருத்திமார் பிடுங்கிய இடத்தில் பாதி வேர் முறிந்து மண்ணுக்குள் ஒளிந்திருக்கும். வரப்பெல்லாம் சீமைக்கருவேல முள், கல்குவாரிப் பாதையெல்லாம் ஜல்லிச் சில்லு. பங்குனி, சித்திரையில் சமயபுரத்துக்கு நேர்ந்துகொண்டு நடப்பவர்கள் இதே நெடுஞ்சாலைத் தாரில் வெறுங்காலோடு போவார்கள். பக்கத்து ஊட்டத்தூர்ச் சிவன் கோயிலுக்குச் சிறுநீரகக் கோளாறு தீர வேண்டி எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். சிறுநீரகத்தைக் கெடுக்கும் காரணங்களில் சர்க்கரை முன்வரிசையில் இருப்பது. அப்படியென்றால் வெயில் ஏறிய கல்தரையில் செருப்பில்லாமல் பிரகாரம் சுற்றும் அந்தக் கால்களில் எத்தனை ஏற்கெனவே மரத்தவையோ!

வருடக்கணக்கில் சர்க்கரை ஏறியே இருந்தால் காலில் நடக்கும் கேடுகள் இரண்டு. நரம்பு செத்து உணர்ச்சி போகும். பாதத்தின் சின்னத் தசைகள் மெலிந்து, விரல்கள் மடங்கி, உடம்பின் எடை ஒன்றிரண்டு எலும்பு முனைகளில் குவியும். அங்கே தோல் தன்னைக் காத்துக்கொள்ளத் தடித்து ஆணியாகும். அந்த ஆணியே செருப்புக்குள் மாட்டிய கூழாங்கல்லாக உள்சதையை நசுக்கும். நல்ல காலாக இருந்தால் நாலு எட்டு வைப்பதற்குள் நொண்டியிருப்போம், மரத்த கால் நொண்டாது. இன்னொரு கேடு, ரத்தக்குழாய் அடைத்து விரல் நுனிக்கு ரத்தம் வராமல் போவது. இந்த இரண்டும் திறந்துவைத்த வாசல் வழியாகத்தான் கிருமி உள்ளே வருகிறது.

சித்தப்பாவுக்கு வந்தது. ஒருநாள் குளிர் காய்ச்சல், விரல் வீங்கிச் சிவந்து, கட்டைப் பிரித்ததும் வீடே நாறியது. மருத்துவமனையில் இளம் மருத்துவர் ஒருவர் மழுங்கிய எஃகுக் கம்பியைப் புண்ணுக்குள் மெதுவாக விட்டார். சதையில் போகும்வரை சத்தமில்லை. பிறகு கல்லில் பட்டதுபோல் மெல்ல ஒரு 'டக்'. அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன், சித்தப்பா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கம்பி எலும்பைத் தொட்டால் எலும்புவரை சீழ் பிடித்திருக்க வாய்ப்பு அதிகம். எக்ஸ்ரேக்கு முன்பே, பைசா செலவில்லாமல் சேதி சொல்லிவிடும் சோதனை அது.

கிருமி விஷயத்தில் நம் ஊர்ப் புண் மேல்நாட்டுப் புண்ணிலிருந்து மாறுபட்டது. அங்கே பெரும்பாலும் ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற ஒற்றைக் குற்றவாளி. இந்தியாவில் பச்சை நிறச் சீழ் பிடிக்க வைக்கும் சூடோமோனாஸ், குடலில் வாழும் ஈ.கோலை, கிளெப்சியெல்லா போன்றவை கூட்டமாக வருகின்றன. பலவற்றுக்குச் சாதாரண ஆன்டிபயாடிக் எடுபடுவதில்லை. வெளிநாட்டுப் புத்தகத்தைப் பார்த்து எழுதும் மாத்திரை இங்கே பொய்த்துப் போவதற்கு இது ஒரு காரணம். மேலே கசியும் நீரைப் பஞ்சில் தொட்டுச் சோதனைக்கு அனுப்புவதும் ஏமாற்றும். மேலே மிதக்கும் கிருமி வேறு, அடியில் குடியிருக்கும் கிருமி வேறு. சுத்தம் செய்தபிறகு அடிச்சதையிலிருந்து ஒரு துணுக்கு எடுத்து அனுப்ப வேண்டும். தவிர, நாள்பட்ட புண்ணில் கிருமிகள் பாசிபோல ஒரு படலம் கட்டிக்கொண்டு அதற்குள் வாழும். மருந்து அதைத் துளைப்பது கடினம். கத்தியால் சுரண்டி எடுத்தால்தான் உண்டு. செத்த சதையை, ரத்தம் துளிர்க்கும் நல்ல சதை தெரியும்வரை வெட்டி எடுப்பதற்கு இன்றுவரை மாற்று வரவில்லை.

இந்த இடத்தில் வந்த புதுமைகளில் எங்களைப் போன்ற ஊருக்கு மிகவும் பயன்படக்கூடியது ஒரு புது மருந்தே அல்ல, பழைய மாத்திரையைப் பற்றிய புது அறிவு. எலும்பில் சீழ் என்றால் ஆறு வாரம் ஊசிதான் என்பது நெடுநாள் நம்பிக்கை. ஆறு வாரம் வார்டில் கிடந்தால் வெங்காயம் என்ன ஆகும், துணைக்கு இருக்கும் பெண்ணின் கூலி என்ன ஆகும்? பிரிட்டனின் 26 மருத்துவமனைகளில் 1,054 பேரிடம் நடந்து 2019-இல் வெளியான ஓவிவா ஆய்வு, எலும்பு, மூட்டுக் கிருமித்தொற்றில் முதல் ஆறு வாரச் சிகிச்சையை மாத்திரையாகக் கொடுத்தாலும் ஊசிக்குக் குறையாமல் பலன் தருகிறது என்று காட்டியது. தோல்வி ஊசியில் 14.6 சதவீதம், மாத்திரையில் 13.2. அந்த ஆய்வு சர்க்கரைப் புண்ணுக்கென்றே நடந்ததல்ல, எந்தக் கிருமிக்கு எந்த மாத்திரை என்பதை மருத்துவர் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனாலும் வார்டிலிருந்து வீட்டுக்கு ஒரு வழி திறந்தது. நீரிழிவுப் பாதத்துக்கான சர்வதேசப் பணிக்குழுவின் 2023 வழிகாட்டுதல் நாள் கணக்கையும் சுருக்கியது: சதையில் மட்டும் தொற்று என்றால் ஓரிரு வாரம் போதும், கெட்ட எலும்பை எடுத்தபிறகும் கிருமி மிஞ்சியிருந்தால் மூன்று வாரம்வரை, எலும்பை எடுக்காமல் விட்டால் ஆறு வாரம்.

ஆன்டிபயாடிக் தோற்கும் இடத்துக்கு இன்னொரு கூட்டாளியைத் தேடுகிறார்கள்: கிருமியை மட்டும் தின்னும் வைரஸ்கள், பாக்டீரியோஃபேஜ்கள். ஜார்ஜியா நாட்டின் திபிலிசியில் நூறாண்டாக இருக்கும் வைத்தியம் இது. காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் ஆறாத புண்களில் இதை ஊற்றிப் பார்த்து 2019-இல் முடிவுகள் வெளியிட்டார்கள். நோயாளிகள் 20 பேர்தான். ஸ்காட்லாந்தில் பத்துப் பேரிடம் சோதித்து ஒன்பது பேருக்குப் பலன் தெரிந்ததாக 2023-இல் சொன்னார்கள். இருபதையும் பத்தையும் வைத்துக்கொண்டு முரசறையலாகாது. கங்கைத் தண்ணீரில் ஏதோ ஒன்று காலராக் கிருமியைக் கொல்கிறது என்று 1896-இல் ஹான்கின் என்ற ஆங்கிலேயர் எழுதியதிலிருந்து இந்தக் கதை தொடங்குவதால் அதன்மேல் எனக்கு ஒரு பாசம் உண்டு, அவ்வளவுதான்.

கிருமி அடங்கியபிறகு வருவது ஆறவைக்கும் வைத்தியங்கள். பத்திரிகைகள் 'புரட்சி' என்று எழுதுவதெல்லாம் பெரும்பாலும் இந்தக் கட்டம்தான்.

பெரிய மருத்துவமனைகளில் 'வேக்' என்று சொல்வதைப் பலர் பார்த்திருப்பீர்கள். புண்ணுக்குள் ஸ்பாஞ்சை வைத்து, மேலே ஒட்டும் படலம் போர்த்தி, குழாய் செருகி, வழக்கமாக 125 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குக் காற்றை உறிஞ்சுவார்கள். கசிவு வடியும், சதை மேலேறும். 2005-இல் லான்செட்டில் வந்த ஆய்வில், பாதத்தின் ஒரு பகுதியை எடுத்த 162 பேரில் இந்த முறையில் 56 சதவீதமும் சாதாரணக் கட்டில் 39 சதவீதமும் ஆறினார்கள். பின்னால் ஜெர்மனியில், அன்றாட மருத்துவமனைச் சூழலில் நடந்து 2020-இல் வெளியான ஆய்வு இந்த மேன்மையை நிரூபிக்க முடியாமல் போனது. இன்று அறுவைக்குப் பிந்தைய பெரிய புண்ணுக்கு இது நல்ல கருவி. எல்லாப் புண்ணுக்கும் மாட்டிவிடுவது பில்லுக்கு நல்லது.

காலைப் பைக்குள் வைத்து வீட்டிலேயே ஆக்சிஜன் கொடுக்கும் முறையில், 2020-இல் வெளியான ஆய்வில் 12 வாரத்தில் 41.7 சதவீதப் புண்கள் ஆறின. போலிக் கருவி வைத்தவர்களில் 13.5. நோயாளியின் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றி, வெள்ளணுவும் நாரும் சேர்ந்த ஒரு வில்லையாக்கிப் புண்ணில் வைக்கும் முறையில் 2018-இல் வெளியான ஆய்வில் 34 சதவீதம், அது இல்லாதவர்களில் 22. சர்க்கரை மூலக்கூறு ஒன்றோடு சல்ஃபேட் சேர்த்த கட்டுத்துணியில், ரத்த ஓட்டமும் கொஞ்சம் குறைந்த கால்களில், அதே ஆண்டு 48 சதவீதம், சல்ஃபேட் இல்லாத கட்டுத்துணியில் 30. சர்க்கரையால் வந்த புண்ணைச் சர்க்கரையின் உறவுக்காரனே ஆற்றுகிறான்! திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிலையத்தில் பன்றியின் பித்தப்பையிலிருந்து உருவாக்கிய ஒரு சதைச்சட்டகத்துக்கு 2023-இல் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஒப்புதல் கிடைத்தது.

இவற்றில் எனக்கு மிகவும் சுவாரசியமானது தைவானில் 2021-இல் ஒப்புதல் பெற்ற ஒரு களிம்பு. அதில் இருப்பது இரண்டு மூலிகைச் சாறுகள்: கற்பூரவல்லியும் வல்லாரையும். இருமலுக்குக் கொல்லையில் கிள்ளும் அதே கற்பூரவல்லி, துவையல் அரைக்கும் அதே வல்லாரை. 236 பேரிடம் நடந்த சோதனையில் 16 வாரத்தில் 60.7 சதவீதப் புண்கள் முழுதாக மூடின; உறிஞ்சும் கட்டுத்துணி மட்டும் வைத்தவர்களில் 35.1. நாள்பட்ட புண்ணில் அழற்சியை அணையாமல் எரியவிடும் ஒருவகை வெள்ளணுக்களை அடக்கி, சதைகட்டும் வகையைத் தூண்டுகிறது என்பது விளக்கம். இதைச் சொன்னதும் சித்தி கொல்லைப்பக்கம் எழுந்துவிட்டார். பிடித்து உட்காரவைக்க வேண்டியிருந்தது. களிம்பில் இருப்பது பிரித்தெடுத்துச் சுத்தம் செய்த கூறுகள். சோதித்ததும் சீழ் பிடிக்காத புண்களில். மண்ணோடு பறித்த பச்சிலையைச் சீழ்ப்புண்ணில் அரைத்துப் பூசினால் இலையோடு இன்னும் நாலு கிருமியையும் உள்ளே அனுப்புகிறோம்.

சித்தப்பாவின் ஜெல்லுக்கு வருவோம். அது இ.ஜி.எஃப். என்ற தோல் வளர்ச்சிக் காரணி. இந்தியாவிலேயே தயாரானது, 2006-இல் வெளியான அதன் மூன்றாம் கட்டச் சோதனையில் சென்னை ராயபுரம் நீரிழிவு மருத்துவமனையின் விஜய் விஸ்வநாதன் முதலான மருத்துவர்கள் பங்கேற்று, புண் விரைவாக ஆறுவதாக எழுதினார்கள். ஆனால் மேலே சொன்ன 2023 வழிகாட்டுதல், இதுவரையிலான எல்லாச் சான்றுகளையும் எடைபோட்டு, வளர்ச்சிக் காரணிகளை வழக்கமாகப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது.

இந்த ஆய்வுகளைப் படிக்கையில் சதவீதங்களுக்கு மேலே, 'முறை' என்ற பகுதியில் சின்னதாக ஒரு வாக்கியம் வரும்: இரு தரப்புக்கும் புண்ணைச் சுத்தம் செய்து, காலுக்குச் சுமை குறைத்துக் கொடுத்தோம் என்று. அதாவது அந்த எண்கள், அஸ்திவாரம் கட்டியபிறகு மேலே ஒரு மாடி எழுப்பினால் எவ்வளவு உயரம் கூடும் என்ற கணக்கு. எங்கள் வீட்டில் அஸ்திவாரமே போடாமல் மாடியை விலைக்கு வாங்கி ஃபிரிட்ஜில் வைத்திருந்தோம்.

சுமை குறைப்பது என்ற அந்த அஸ்திவாரத்தைக் கட்டியவர்களில் ஒருவர் எங்களுக்கு மேற்கே, பச்சைமலைக்கு அப்பால், கொல்லிமலையில் பிறந்தவர். பால் பிராண்ட், 1914. பெற்றோர் மலைமக்களிடையே வேலை செய்த கிறித்தவ ஊழியர்கள். இங்கிலாந்தில் அறுவை மருத்துவம் படித்து 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் தானாக அழுகி உதிர்கின்றன என்றுதான் அன்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். பிராண்ட் கணக்கெடுத்தார். ஒவ்வொரு காயத்துக்கும் ஒரு காரணம் கிடைத்தது: சூடான பாத்திரம், இறுகிய பூட்டு, செருப்பில் ஆணி. இரவில் மட்டும் விரல் காணாமல் போவதற்குக் காரணம் புரியாமல் ஆளை உட்காரவைத்துப் பார்த்தபோது, தூங்குகிறவரின் மரத்த விரலை எலி கடித்துக்கொண்டிருந்தது. அதன்பிறகு வீட்டுக்குப் போகிற நோயாளிகளுக்குப் பூனையும் கொடுத்தனுப்பினார்கள். சதை கெட்டுப்போகவில்லை, வலி கெட்டுப்போயிருக்கிறது என்ற முடிவு அங்கே பிறந்தது. காலுக்கு ஓய்வு கொடுத்தால் தொழுநோயாளியின் புண்ணும் எல்லோருடைய புண்ணையும்போலவே ஆறியது.

ஓய்வென்றால் படுக்கை இல்லை; உழைத்துச் சாப்பிடுகிறவரை மாதக்கணக்கில் படுக்கவைக்க முடியாது. மாவுக்கட்டுப் போட்டு நடக்கவிட்டார்கள். இந்த யோசனைக்கு பிராண்டுக்கும் மூத்தவர்கள் உண்டு. 1930-களில் கொழும்பில் மில்ரோய் பால் என்ற தமிழ் அறுவை மருத்துவர் இதைச் செய்தார். ஜோசப் கான் என்பவர் 1939-இல் இந்தியத் தொழுநோய் ஆய்விதழில் எழுதினார். பிராண்ட் 1966-இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபோது இதையும் கொண்டுபோனார். அங்கே சர்க்கரைக்காரர்களின் கால்களைப் பார்த்ததும் வேலூரில் பார்த்த அதே கால்கள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. இன்று ஆரம்பச் சுகாதார நிலையத்தில் பாதத்தைக் குத்திப் பார்க்கும், வளையும்போது 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையின் அளவும் 1986-இல் கார்வில்லில் தீர்மானமானதுதான். தமிழ்நாட்டின் தொழுநோய் வார்டில் வளர்ந்த அறிவு உலகத்தின் நீரிழிவு மருத்துவமாகிவிட்டது. அது எங்கள் ஊர்க் கிளினிக்குக்கு மட்டும் இன்னும் பஸ் ஏறவில்லை.

சித்தப்பாவுக்கு எலும்பில் ஒரு துண்டை எடுத்தார்கள். காலில் நாடி நன்றாகத் துடித்தது. ரத்தக்குழாய் அடைப்பு இல்லாதது அவர் அதிர்ஷ்டம். அடைப்பு இருந்திருந்தால் அதைத் திறக்கும்வரை வேறு எந்த வைத்தியமும் ஏறாது, மாவுக்கட்டும் ஆபத்து. சீழ் முழுதாக நின்றபிறகு கட்டினார்கள். ஆணியின் விளிம்பைக் கத்தியால் வெங்காயத் தோல்போல மெல்லிசாகச் சீவி, புண்மேல் சின்னக் கட்டு. விரலிடுக்குகளில் பஞ்சு. முழங்காலுக்குக் கீழ்வரை இறுகப் படியும் துணிக்குழாய். கணுக்கால் எலும்பிலும் முன்கால் எலும்பிலும் கம்பளித் துண்டு. அதன்மேல் நனைத்த மாவுத்துணியைச் சுற்றி, உள்ளங்கையால் பாதத்தின் வளைவுக்கெல்லாம் ஒட்டத் தடவினார் டெக்னீசியன், குயவர் பானையைத் தடவுவதுபோல. அடியில் நடக்க ஒரு ரப்பர்க் கட்டை. எடை முழுதும் ஒரே எலும்பு முனையில் இறங்காமல் பாதம், கெண்டைக்கால் எல்லாவற்றிலும் பரவுகிறது. "அரிக்குதும்மா, சோப்புப் போட்டுக் குளிக்க முடியல" என்று சித்தப்பா முதல் வாரம் முழுக்கப் புலம்பினார்.

கழற்ற முடியாது என்பதுதான் அதன் ரகசியம். 2001-இல் வெளியான ஓர் ஆய்வில் அமெரிக்காவில் 63 பேரிடம் மூன்று முறைகளை ஒப்பிட்டார்கள். 12 வாரத்தில் மாவுக்கட்டில் 89.5 சதவீதம் ஆறினார்கள், கழற்றி மாட்டும் பூட்ஸில் 65, அரைச்செருப்பில் 58.3. சிக்கல் இல்லாத நரம்புப் புண்கள் அவை. மற்ற ஆய்வுகளின் எண்ணோடு நேராக ஒப்பிடக் கூடாது. ஆனாலும் அந்த 65 ஏன் குறைந்தது என்பதற்கு 2003-இல் விடை வந்தது: நடை எண்ணும் கருவியை ஒளித்துவைத்துப் பார்த்தபோது, நடந்த நடையில் 28 சதவீதத்துக்குத்தான் பூட்ஸ் காலில் இருந்தது. மிச்ச நேரம் கட்டிலுக்கடியில். அதனால் இப்போது பூட்ஸையே மாவுத்துணியால் ஒரு சுற்றுச் சுற்றிவிடுகிறார்கள். பலன் ஏறுகிறது. விலை இரண்டு சுருள் மாவுத்துணி.

இதைச் செய்யும் கை ஒவ்வொரு வட்டார மருத்துவமனையிலும் வேண்டும். 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் முதல் சர்க்கரை மாத்திரையை வாசலுக்கே கொண்டுவருகிறது. 'பாதம் பாதுகாப்போம்' திட்டத்தில் பாதத்தைச் சோதிக்கவும் தொடங்கியிருக்கிறார்கள். பக்கத்து அரியலூரில் 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்தாயிற்று. புது ஜெல்லுக்கு ஒதுக்கும் பணத்தில் கொஞ்சத்தை மாவுக்கட்டுப் போடும் பயிற்சிக்கு ஒதுக்கினால் என்ன என்பது என் கட்சி. ஆணி சீவத் தெரிந்த ஒரு செவிலியர் பாடாலூரில் இருந்திருந்தால் சித்தப்பாவின் பழைய பிளேடுக்கு வேலையே வந்திருக்காது.

ஏழு வாரத்தில் புண் மூடியது. கட்டைப் பிரித்தபோது கால் இளைத்து, தோல் உரிந்து, யாருடைய காலோ மாதிரி இருந்தது. ஆறிய புண்ணில் பத்துக்கு நான்கு ஒரு வருடத்துக்குள் திரும்ப வரும் என்று எச்சரித்து, எம்.சி.ஆர். செருப்பு எழுதிக்கொடுத்தார்கள். அந்த மெத்தென்ற ரப்பரும் பிராண்ட் காலத்து வேலூர்க்காரர்கள் தொழுநோயாளிகளுக்காகப் பழக்கத்துக்குக் கொண்டுவந்ததுதான். பின்பட்டை வைத்தது, கழண்டு விழாது. தார் ரோட்டுக்கும் வீட்டுக்கும் கச்சிதம்.

போன கார்த்திகையில் ஊருக்குப் போயிருந்தேன். ராத்திரி மும்முனைக் கரண்டு பத்து மணிக்குத்தான் வந்தது. சித்தப்பா டார்ச்சை எடுத்துக்கொண்டு கிளம்பினார், நானும் கூடப் போனேன். வெங்காயப் பாத்தியில் தண்ணீர் ஏறிய கரிசல் மண் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும்: ஓர் எட்டு வைத்தால் செருப்பு ஒட்டிக்கொண்டு கால் மட்டும் மேலே வரும். பட்டை வைத்த செருப்பானால் காலோடு சேறும் ஒரு படி வரும். மெத்து ரப்பர் தண்ணீரில் ஊறிப் பிய்ந்தும் போகும். வாங்கிக் கொடுத்தவர்களும் வடிவமைத்தவர்களும் வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டியதில்லை. மடை திறக்கும் இடம் வந்ததும் சித்தப்பா வரப்பில் உட்கார்ந்தார். பட்டையை அவிழ்த்து, இரண்டு செருப்பையும் சேர்த்து, நனையாத இடமாகப் பார்த்து வைத்தார்.

"போகையில ஞாபகப்படுத்துப்பா" என்று சொல்லிவிட்டு மண்வெட்டியோடு பாத்திக்குள் இறங்கினார்.